தட்டு எண் பதினேழு

ஐந்து ரோட்டில் மருந்துக் கடைக்கு மேலே
முதல் மாடியில் என் வேலை:
படுக்கப் போகிறவர்களிடம்
கழற்றச் சொல்வது.

கம்மல், மூக்குத்தி, கொலுசு, அரைஞாண்,
வாட்ச், பல்செட், பர்ஸிலிருக்கும் ஏ.டி.எம். கார்டு.
எல்லாம் ஒரு எவர்சில்வர் தட்டில்.
தட்டுக்கு ஓர் எண்,
எண்ணுக்கு ஒரு கையெழுத்து.

பதினோரு வருஷத்தில் தெரிந்துகொண்டது:
காந்தம் தங்கத்தைச் சட்டை செய்வதில்லை.
இந்த ஊர் ராப்பகலாய் உருக்கி ஊதி
மணி கோக்கிற வெள்ளியையும்
ஏறிட்டுப் பார்க்காது.
அதற்கு வேண்டியது இரும்பு.
தாலியை விட்டுவிடும்;
தாலியில் கோத்த ஊக்கைப்
பிடுங்கிக்கொண்டு போகும்.

மஞ்சள் கயிற்றை மட்டும் எடுத்துக் காட்டி
"பொன்னு பேங்க்ல தூங்குது, நான் போலாமா?"
என்று சிரித்த கன்னங்குறிச்சி அங்கம்மா
நேரே உள்ளே நடந்தாள்.
அன்றைக்கு அவ்வளவு இலேசாய் நடந்தவர்
வேறு யாருமில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி:
கண்ணில் உலோகத்தூள் பட்டதுண்டா?
சிவதாபுரம் பட்டறைக்காரர் யோசித்தார்.
"கணக்கு வச்சுக்கலீங்க."
நகை ஏதாவது?
"நானா?"

நாகலூர் பஸ்ஸில் மலையிறங்கிய தர்மனின்
அரைஞாண் கயிற்றில் ஒற்றை மணி,
குழந்தைக் கொலுசிலிருந்து உதிர்ந்தது போல.
"உள்ள சத்தம் பெருசா இருக்கும்னீங்களே,
இதும் சத்தந்தான, இருந்துட்டுப் போவட்டுமே."
கத்தரிக்கோலை எடுத்தேன்.
வேண்டாமென்று முடிச்சை அவரே அவிழ்த்தார்.
நேரம் பிடித்தது.

பதினேழு, யுவராணியின் தட்டு.
கொண்டலாம்பட்டி, முப்பத்திரண்டு வயது, கழுத்து வலி.
மெட்டி மட்டும் வரவில்லை.
சோப்பு, தேங்காய் எண்ணெய்,
கடைசியில் நூல் சுற்றி இழுத்தோம். வந்தது.
விரலில் வெளுத்த வளையம்,
பத்து வருஷம் வெயில் பார்க்காத தோல்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தைந்து நிமிஷம்
குழாய்க்குள் அசையவேயில்லை.
வெளியே வந்து கம்மலைப் போட்டாள்,
கொலுசைப் போட்டாள்,
ஃபிலிம் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.
மெட்டி இரண்டும் தட்டிலேயே.

போன் செய்தேன்.
மூன்றாம் நாள்தான் எடுத்தாள்.
"டாக்டர் கழட்டச் சொன்னாருன்னு
வீட்ல சொல்லியிருக்கேன்."
பின்னால் குக்கர் விசில்.
எவ்வளவு நாளைக்கு?
"அத நீங்கதான் சொல்லணும்."

நான் டாக்டர் இல்லை.
கழுத்தெலும்புக்கும் கால்விரலுக்கும்
என்ன சம்பந்தமென்று யாராவது வந்து கேட்டால்
என்னிடம் பதிலில்லை.
"ரிப்போர்ட் வரட்டும்" என்றேன்.
ரிப்போர்ட் அவளிடம்தான் இருக்கிறது.
இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்போதெல்லாம்
பதினாறுக்கு அப்புறம் பதினெட்டைத் தருகிறேன்.
மேனேஜர் கேட்டார்.
தட்டு நெளிந்துபோச்சு சார்.

என் மூக்கை நாற்பத்தொன்றில் குத்திக்கொண்டேன்.
சம்பளம் வந்த ஒரு சனிக்கிழமை, சின்னக்கடை வீதி.
யாரும் சொல்லவில்லை, யாருக்காகவும் இல்லை.
ஒற்றைக் கல்.
"பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார் ஆசாரி.
ஆமாம், நானேதான் என்றேன்.
டூட்டியில் அதற்கும் தடை.
ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க
விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை ஒடித்துச்
செருகிக்கொள்கிறேன்.

ஒருநாள் கல்லை லாக்கரிலேயே மறந்து
ஈர்க்கோடு அஸ்தம்பட்டி பஸ் ஏறிவிட்டேன்.
பக்கத்து சீட்டுக் குழந்தை
என் மூக்கைத் தொட்டுப் பார்த்தது.

நேற்று பதினேழைத் திறந்தேன்.
மெட்டிகளில் கறுப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது.
பல்பொடி போட்டால் போய்விடும்.
போடவில்லை.